வெள்ளம் வந்தாச்சு

இலக்கியா ஓடியதை நான் பார்க்கவில்லை. நான் கன்னியாகுமரிக்கு வருவதற்கு முன்பே அவள் ஓடிப் போயிருந்தாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டுக்கார ரோஸிலி அக்கா சொன்னது. ரோஸிலி அக்காவும் வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும்தான் பார்த்தார். அதற்கப்புறம் எங்கே செருப்பு அறுந்தது, ரயில்வே ஸ்டேஷனில் அவள் என்ன செய்தாள் என்பதெல்லாம் ஓர் ஆட்டோக்காரர் சொல்லித்தான் அவருக்கே தெரியும். அதனால் இதெல்லாம் நிஜம் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. அவளுக்குப் பிறகு அதே மாடி அறையில், அதே கட்டிலில், ஒரு மத்தியானம் முழுக்க நான் படுத்துக்கிடந்தேன் என்பது மட்டும் நிச்சயம். அந்த மத்தியானத்தைத்தான் எழுதுகிறேன். நடுவில் அவள் வந்து வந்து போவாள்.

காலை டூட்டி முடித்து வந்து, லாட்ஜில் கொடுத்த யூனிபார்ம் சேலையைக்கூட மாற்றாமல் படுத்திருக்கிறேன். சேலை மடிப்பில் உப்பு. இங்கே எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது, கதவுத் தாழ்ப்பாளில், முகம் பார்க்கும் கண்ணாடியில், உதட்டில். துவைத்துப் போட்ட துணி காய்ந்த மாதிரி இருக்கும், தொட்டால் காய்ந்திருக்காது. கூரையில் இந்நேரம் ஒரு வெளிச்சம் ஆட வேண்டும், இன்றைக்கு இல்லை. அறைக்கு வெளியே மொட்டைமாடியில் ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி இருக்கிறது. அதில் தண்ணீர் இருக்கும் நாட்களில் மத்தியான வெயில் அதில் பட்டு, ஜன்னல் வழியாக ஏறி வந்து கூரையில் விழும். காற்று அடித்தால் நடுங்கும், அப்புறம் தானாகவே சமாதானமாகும். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவேன். நேற்று ராத்திரியே வாளி காலி. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், இன்று வர வேண்டிய முறை, வந்தால் ரோஸிலி அக்கா கீழேயிருந்து குரல் கொடுப்பார், அதுவரை கூரை வெறும் கூரைதான். வாளியின் வெளிப்புறத்தில் சிவப்பு நகப்பூச்சால் 'இலக்' என்று எழுதியிருக்கிறது. மீதி எழுத்து தேய்ந்துபோனதா, இல்லை அவள் பாதியிலேயே விட்டுவிட்டாளா. தினமும் குளிக்கும்போது கேட்டுக்கொள்வேன். நகப்பூச்சு தேய்ந்தால் ஒரு தடமாவது இருக்க வேண்டும், விரலால் தடவிப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை.

சாயங்காலம் டூட்டிக்குப் போகும்போது ஒரு பதில் சொல்ல வேண்டும். நேற்று மேனேஜர் ஜெபசிங் சார் கல்லாவுக்குப் பின்னாலிருந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார். "ஈஸ்வரி, மூணு மாசம் ஆயாச்சு கேட்டியா. நிக்கியா, போறியா? நின்னா பெர்மனென்ட். போறதுன்னாலும் எனக்கு வருத்தம் ஒண்ணும் கெடையாது மக்ளே, ஆனா லீவு சீசனுக்கு மின்ன நான் ஆளு பாக்கணும்லா." என் பெயர் மாதேஸ்வரி. பேட்ஜில் முழுப்பெயர் அடங்கவில்லை என்று பாதியை எடுத்துவிட்டார்கள். நானும் முதல் வாரம் யாராவது ஈஸ்வரி என்று கூப்பிட்டால் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன். இப்போது திரும்பிவிடுகிறேன். திரும்பிவிடுவது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. சாரிடம் "நாளைக்குச் சொல்றேன் சார்" என்றேன். "நாளைக்குச் சாயங்காலம்" என்று அவர் சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, "வீட்டுல கேட்டுக்கோ, ஆனா வீட்டுலதான் முடிவு பண்ணாங்கன்னு எங்கிட்ட சொல்லப்பிடாது" என்றார். அந்தக் கடைசி வாக்கியம்தான் ராத்திரி முழுக்க வாளிக்குள் விழுந்த கல் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

போக வேண்டும் என்றுதான் இருக்கிறது. வந்த நாளிலிருந்து இருக்கிறது. ஆனால் எதைச் சொல்லிப் போவது. எங்கள் வீட்டில் 'பிடிக்கவில்லை' என்பது ஒரு காரணம் கிடையாது. உடம்புக்கு முடியவில்லை என்பது காரணம். எவனாவது கையைப் பிடித்து இழுத்தான் என்பது காரணம். சம்பளம் தரவில்லை என்பது காரணம். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, இங்கே யாரும் என்னிடம் தப்பாக நடக்கவில்லை, சம்பளம் வருகிறது. ராத்திரி படுத்தால் கடல் என் தலைக்கு மேலே இருப்பது போல ஒரு சத்தம் கேட்கிறது, அது என்றைக்காவது ஒருநாள் படியேறி வரும் என்று தோன்றுகிறது. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது. அப்பா புளியமரம் ஏறுகிறவர். எங்கள் அரூர்ப் பக்கம் ரோட்டோரத்துப் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் அவரைக் கூப்பிடுவார்கள், உச்சிக்கிளையில் நின்று காலால் உலுக்குவார், கீழே அம்மாவும் மற்றவர்களும் பழம் பொறுக்குவார்கள். அந்த உயரத்தில் நிற்கிறவரிடம் எனக்குச் சத்தம் பயமாக இருக்கிறது என்று சொன்னால் என்ன நினைப்பார். வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான். கான்வொகேஷன் போட்டோவை மாட்ட அப்பா ஆணி அடித்தபோது சுவர் பெயர்ந்து விழுந்தது, வேறு இடத்தில் அடித்தார், அதுவும் பெயர்ந்தது, கடைசியில் ஜன்னல் கம்பியில் கட்டிவைத்தார். சர்ட்டிபிகேட் எல்லாவற்றையும் ஒரு நீல ஃபைலில் போட்டு, அதைப் பாலித்தீன் பையில் சுற்றி, "தீப்பிடிச்சாலும் மொதல்ல இத எடு கண்ணு, அப்புறம் மத்தது" என்று கொடுத்தார். அது இப்போது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. படுத்தால் கழுத்தில் குத்தும். நகர்த்தி வைத்ததில்லை.

எல்லாரும் பார்க்க வரும் ஊரில் இருப்பது ஒரு மாதிரியான காரியம். வருகிறவர்கள் யாரும் என்னைப் பார்க்க வரவில்லை, சூரியனைப் பார்க்க வருகிறார்கள். விடிவதற்கு முன் ஒவ்வொரு அறைக்கும் போன் செய்து எழுப்புவது என் வேலை. "குட் மார்னிங், சன்ரைஸுக்கு நேரமாச்சு." தூக்கத்தில் அவர்கள் சொல்லும் வார்த்தைகள் எத்தனையோ மொழியில் எனக்குத் தெரியும். அப்புறம் படிக்கட்டில் செருப்புச் சத்தம், குழந்தை அழுகை, யாரோ ஸ்வெட்டரைத் தேடுகிறார்கள், இந்த ஊரில் ஸ்வெட்டர் எதற்கு, எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறிவிடுகிறார்கள். நான் கீழே கவுன்ட்டரில். கவுன்ட்டருக்கு எதிரே ரோடும் ஒரு சங்குக் கடையின் இழுத்து மூடிய ஷட்டரும்தான். இத்தனை நாளில் நான் ஒரு சூரியோதயம் பார்த்ததில்லை. முதலில் ஷட்டரின் அடிப்பக்கம் சிவப்பாகும், பிறகு மஞ்சளாகும், அதிலிருந்து மேலே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வேன். இன்று காலை ஷட்டர் சாம்பலாகவே இருந்தது. ஈரோட்டிலிருந்து வந்த ஒருவர் இறங்கி வந்து இரண்டு கையையும் கவுன்ட்டரில் ஊன்றினார். "ஏம்மா, சூரியன் தெரியற ரூமுன்னுதான சொல்லிக் குடுத்தீங்க?" "மேகம் சார்." "மேகம்னு எனக்கும் தெரியுது. போன் பண்ணி எழுப்பறப்பவே சொல்லியிருந்தா தூங்கியிருப்பமில்ல?" அவர் மனைவி பின்னாலிருந்து, "உடுங்க, அந்தப் புள்ளையா மேகத்தத் தூக்கியாந்து வெச்சுது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ குடுத்து வெச்சவ கண்ணு, தெனமும் பாப்ப" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். 'கண்ணு' என்ற வார்த்தை வேறொருவர் வாயிலிருந்து வந்ததும் குனிந்து டிராயரில் எதையோ தேடினேன். என் டூட்டி முடிவதற்குள்ளேயே அவர்கள் காலி செய்து போய்விட்டார்கள். இங்கே எல்லாரும் போய்விடுகிறார்கள். அவர்கள் விட்டுப்போன சோப்பு, சீப்பு, ஏழு நிற மணல் பாக்கெட், ஒற்றைச் சாக்ஸ். இலக்கியா வாளியை விட்டுவிட்டுப் போனாள்.

அவள் பெரம்பலூர்ப் பக்கம். என்னைப் போலவே ஒரு டிகிரி, என்னைப் போலவே ஒரு ஃபைல், அதே லாட்ஜ், அதே கவுன்ட்டர். ஒருநாள் மத்தியானம் இதே கட்டிலில் அவள் படுத்திருந்தபோது கீழேயிருந்து ரோஸிலி அக்கா "வெள்ளம் வந்தாச்சு பிள்ளே, ஓடியா, ஓடியா!" என்று கத்தியிருக்கிறார். இந்த ஊரில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். குடிக்கிறதும் வெள்ளம், குளிக்கிறதும் வெள்ளம், சோற்றுக்கு உலை வைப்பதும் வெள்ளத்தில்தான். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, வாளியோடு வா என்பது அதற்கு அர்த்தம். நான் வந்த முதல் நாள் ரோஸிலி அக்கா ஒரு செம்பை நீட்டி, "வெள்ளம் குடிக்கியா மக்ளே?" என்று கேட்டபோது, செம்பு கையில் இருந்ததால் எனக்குப் புரிந்துவிட்டது. இலக்கியாவுக்கு யாரும் செம்பை நீட்டவில்லை போலிருக்கிறது. அவள் ஃபைலை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நைட்டிக்கு மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, படியில் தடதடவென்று இறங்கி, குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்களைத் தாண்டி ஓடியிருக்கிறாள். "எல்லாரும் இங்க குழாய்க்கி ஓடியாறாவ, இவ மட்டும் அங்கோட்டு ஓடுதா" என்று ரோஸிலி அக்கா இதைச் சொல்லும்போது எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். "நான் வாளிய எடுக்க மறந்துட்டு ஓடுதான்னு நெனச்சு, 'எட்டீ வாளி, வாளி'ன்னு பின்னால விளிக்கேன். அவ திரும்பிப் பாத்து, 'நீங்களும் ஓடியாங்கக்கா'ங்கா. எனக்கு சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துட்டு." ஓடுகிறவள் நின்று அவரையும் கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. மார்க்கெட் திருப்பத்தில் ஒரு செருப்பு அறுந்தது, ஒற்றைச் செருப்போடு ஸ்டேஷன் மேட்டில் ஏறினாள், புறப்படத் தயாராக நின்ற ரயிலில் ஏறி உட்கார்ந்தாள், யாரோ விஷயத்தை விளக்கிச் சிரித்தும் இறங்கவில்லை. மறுநாள் அவள் அப்பா ரோஸிலி அக்காவுக்குப் போன் செய்து, "எம்புள்ளைய காப்பாத்திட்டீங்க தாயி, நீங்கள்லாம் பத்திரமா இருக்கீங்களா?" என்று அழுதாராம். "நான் என்னத்தச் சொல்லட்டு? பத்திரமா இருக்கோம்னு வச்சிட்டேன்."

ஒரே ஒரு இடத்தில் எனக்கு மாட்டிக்கொள்கிறது. சாவி. "அவ்வளவு பயத்துலயும் பாரு, ரூமப் பூட்டி சாவிய ஆணில மாட்டிட்டுத்தான் போயிருக்கா, வளத்த வளப்பு அப்பிடியாக்கும்" என்று ரோஸிலி அக்கா கதையை முடிப்பார். அந்த ஆணி படிக்கட்டின் கீழே மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நானும் தினமும் அதில்தான் மாட்டுகிறேன். தடதடவென்று இறங்கி வருகிறவள், கடல் துரத்துகிறது என்று நினைக்கிறவள், கதவை இழுத்துப் பூட்டியிருக்கிறாள். இந்தத் தாழ்ப்பாள் துருப்பிடித்தது, இடது கையால் தூக்கிப்பிடித்து வலது கையால் அழுத்த வேண்டும், அப்போதுதான் விழும், ஃபைலை எங்கே வைத்திருப்பாள், அக்குளில் இடுக்கியிருப்பாள். வெள்ளம் வரும் வீட்டைப் பூட்டி என்ன ஆகப்போகிறது. பழக்கம். கைக்குப் பழக்கம் உண்டு, பயத்திலும் கை தன் வேலையைச் செய்யும். அப்படித்தான் இருக்கும். இருந்தாலும் மனம் மறுபடி படியின் மேலே போய் நின்று, அவள் பூட்டுவதைப் பார்த்து, கூடவே இறங்கி, ஆணி வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. உண்மையைச் சொன்னால் எனக்கு அவள் மேல் இரக்கம் இல்லை, பொறாமைதான். ஊருக்குப் போய் இறங்கியதும் எதற்கு வந்தாய் என்று அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அம்மா கட்டிப்பிடித்திருப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். காலேஜ் படித்த பெண் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள் என்று ஒரு நாக்கும் பேசியிருக்காது. தெரியாத ஒரு வார்த்தை அவளைத் தூக்கி ரயிலில் உட்காரவைத்து வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டது. எனக்கு அந்த வார்த்தை முதல் நாளே தெரிந்துபோயிற்று.

கடலுக்குப் போகலாம் என்று ரோஸிலி அக்கா ஒருநாள் கூப்பிட்டார். போனேன். வெயில் தாழ்ந்திருந்தது, மணல் இன்னும் சுட்டது, டூரிஸ்ட் பிள்ளைகள் அலைக்கு முன்னால் கத்திக்கொண்டு ஓடி வந்து, அலைக்குப் பின்னால் கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் சுவருக்கு இந்தப் பக்கமே நின்றேன். "என்ன, கடிச்சிருமா?" என்றார். "அக்கா, அந்த சுனாமி வந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பள்ளிக்கூடப் பாடத்தில் சுனாமிக்கு ஒரு படம் உண்டு, அம்புக்குறி போட்டு, நான் அதை வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். அவர் கொஞ்ச நேரம் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டிருந்தார். "அண்ணைக்கு யாரும் வெள்ளம்னு சொல்லல பிள்ளே. கடலு, கடலுன்னுதான் விளிச்சோம். வெள்ளம்னா அது வீட்டுக்குள்ள வாறது, நாம பிடிச்சு வைக்கிறது. இது கடலு." அவ்வளவுதான். பிறகு பட்டாணி வாங்கித் தந்தார். திரும்பி வரும்போது இலக்கியா கதையை மறுபடி சொல்லிச் சிரித்தார், தெரு முழுக்க சிரித்தார். ஏன் அதை அத்தனை தரம் சொல்கிறார் என்று அன்றைக்குக் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. கடலுக்குப் பயந்து ஓடிய கதைகளில், கடலே வராமல் போன கதை அவருக்கு அது ஒன்றுதான்.

கண் சொருகுகிறது. கோயில் மணியா, சர்ச் மணியா, தூரத்தில் படகு எஞ்சின். கூரையில் வெளிச்சம் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே ஒன்று ஆடுவது போல இருக்கிறது. புளியமரத்தின் உச்சியில் அப்பா நிற்கிறார், உலுக்குகிறார், பழம் விழவில்லை, சிப்பிகள் விழுகின்றன, சங்குகள் விழுகின்றன, அம்மா கூடையை நீட்டி, இது எந்த ஊர்ப் புளி என்கிறாள். அப்பா கடலைப் பார்த்ததில்லை. உச்சியிலிருந்து பார்த்தால் தெரியுமா அப்பா. ஒண்ணும் தெரியலியே கண்ணு, ஒரே மேகம். நான் கவுன்ட்டரில் நின்று எல்லா அறைக்கும் போன் செய்கிறேன். எந்த அறையிலும் எடுக்கவில்லை. எல்லாரும் காலி செய்து போய்விட்டார்கள், சார் கல்லாவில் இல்லை, ஷட்டரின் அடிப்பக்கம் சிவக்கவில்லை, நீலமாகிறது, நீலம் ஷட்டருக்குக் கீழே கசிந்து ரோட்டுக்கு வருகிறது, ரோட்டைத் தாண்டுகிறது, வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளை மெதுவாகத் தூக்கித் திருப்பி வைக்கிறது. சத்தமே இல்லை. எனக்குப் பயமும் இல்லை. வரட்டும், இதோ வந்துவிட்டது, இனி நான் யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம் என்று ஒரு நிம்மதி, கெட்ட நிம்மதி. அப்போதுதான் யாரோ கத்துகிறார்கள். "வெள்ளம் வந்தாச்சு பிள்ளே! ஓடியா!"

நான் படியில் நிற்கிறேன். எப்படி எழுந்தேன், எப்படிக் கதவைத் தாண்டினேன் என்று தெரியவில்லை. காலில் செருப்பு இல்லை, இரண்டு கையாலும் நீல ஃபைலை அணைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வார்த்தை தெரியும். மூன்று மாதமாகத் தெரியும். வாயிலும் காதிலும் ஏறியது உடம்பில் ஏறவில்லை. கீழே குழாயடியில் ரோஸிலி அக்கா இடுப்பில் குடத்தோடு நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார், ஃபைலைப் பார்க்கிறார், மறுபடி என்னைப் பார்க்கிறார். இப்போது சிரிப்பார், இனி இலக்கியா கதைக்கு இரண்டாம் பாகம் நான்தான், மார்க்கெட் வரைக்கும் தெரிந்துவிடும். அவர் சிரிக்கவில்லை. "வெள்ளத்த ஃபைல்லயா பிடிக்கப் போற? வாளி எங்க?" என்றார். அதுவும் மெதுவாக, பக்கத்தில் நின்ற பெண்களுக்குக் கேட்காமல். நான் மேலே ஓடினேன், ஃபைலைக் கட்டிலில் போட்டேன், வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எனக்காக ஒரு குழாய்முறையை அவர் பிடித்து வைத்திருந்தார். வாளியை வைத்தேன். வெறும் வாளியில் முதல் தண்ணீர் விழும் சத்தம் ஓட்டைத் தகரத்தில் மழை விழுவது போலப் பெரிதாக இருக்கும், நிறைய நிறைய அது தாழ்ந்துகொண்டே வரும். இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. அப்பா. மரத்தைவிட்டு இறங்கியிருப்பார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, "அப்பா, வெள்ளம் வந்துருச்சு, புடிச்சு வெச்சுட்டு அப்புறமா கூப்பிடறேன்" என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து, "என்னாது? வெள்ளமா? ஏய், இங்க வா, பாப்பா இருக்கற ஊர்ல வெள்ளம் வந்துருச்சாம்" என்று அம்மாவைக் கூப்பிடும் குரல். "கண்ணு, கேக்குதா? அப்பவே எம்மனசுல பட்டுச்சு, கடலோரம் வேணாம்னு. எதையும் எடுக்காத, அந்த ஃபைல மட்டும் எடுத்துக்கிட்டுக் கெளம்பு. வேல போனாப் போவுது. எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன். நீ வந்துரு." அவர் குரல் உடைந்திருந்தது. அந்த உயரத்தில் நிற்கிறவர் இவ்வளவு பயப்படுவார் என்று எனக்குத் தெரியாது. பின்னால் அம்மா சாமி பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வாளியில் பாதிக்கு வந்திருந்தது. நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. 'சரிப்பா' என்ற ஒரு வார்த்தை போதும், அதுகூட வேண்டாம், போனை வைத்துவிட்டால் போதும். எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன் என்று சொல்லிவிட்டார். மூன்று மாதமாக நான் தேடிக்கொண்டிருந்தது அதுதான், தானாக வந்து கையில் உட்கார்ந்திருக்கிறது. ராத்திரி ரயில் இருக்கிறது. விடியும்போது வீட்டுப் பக்கம் போய்விடலாம். சாரிடம் நாளைக்குப் போனில் சொல்லிக்கொள்ளலாம். தண்ணீரின் சத்தம் தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. அப்பா, "கண்ணு? கண்ணு? இருக்கறியா?" என்கிறார். இருக்கிறேனா என்கிறார். 'இலக்' என்ற எழுத்துக்கு மேலே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, விளிம்புக்கு வந்தது, வழிந்தது, என் கால்விரல்களில் குளிர்ச்சியாக விழுந்தது. பின்னால் நின்ற பெண், "எம்மா, வழியுதுல்லா, கனவா காணுக?" என்றாள். வாளியை நகர்த்த வேண்டியிருந்தது. நான் உண்மையைச் சொன்னது தைரியசாலி ஆகிவிட்டதால் அல்ல. அவர் அழுதுவிடுவார் போலிருந்தது, பொய்யைக் கட்டிச் சொல்ல நேரம் வேண்டும், நேரம் இல்லை. "இல்லப்பா. அப்பா, இல்ல. இங்க தண்ணியத்தான் வெள்ளம்னு சொல்லுவாங்க. கொழாயில தண்ணி வந்துருக்கு. வேற ஒண்ணும் இல்ல. நான் நல்லாத்தான் இருக்கேன்."

நீண்ட மூச்சு ஒன்று வந்தது. பிறகு அப்பா சிரித்தார். நான் பார்த்து ரொம்ப நாளான சிரிப்பு, காதால் கேட்டேன். "கொழாத்தண்ணிக்கா வெள்ளம்ங்கறாங்க? நம்மூருப் பக்கம் வந்து இதச் சொன்னா அடிக்க வருவாங்க. ஏன் கண்ணு, நீயும் அப்பிடியே சொல்றியே, பேச்சு மாறிப்போச்சா?" "வாய்ல வந்துருச்சுப்பா." "வரட்டும், வரட்டும்." குரலைத் தாழ்த்தி, "அங்க இருக்கறதுக்கு உனக்குப் புடிச்சிருக்கா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியை யாரும் யாரையும் கேட்டு நான் கேட்டதில்லை. "தெரியலப்பா. ராத்திரி பயமா இருக்கு" என்றேன். சொல்லிவிட்டேன். "பயமாத்தான் இருக்கும்," என்றார். "எனக்கு இத்தினி வருசமாச்சு, இன்னிக்கும் மரத்துல ஏறுனா மொதக் கெளைய உடறப்ப வயித்தக் கலக்கும். சரி, உன் வெள்ளத்தப் போயிப் புடி." வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படியேறினேன். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்தியது. மொட்டைமாடியில் அதன் பழைய இடத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்து படுத்தேன். கட்டிலில் கிடந்த ஃபைலை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைக்கப்போய், வைக்காமல் அலமாரியில் வைத்தேன். கூரையில் வெளிச்சம் வந்திருந்தது, இன்னும் தளும்பிக்கொண்டிருந்தது, அது அடங்கும்வரை பார்த்தேன். பிறகு எழுந்து வேறு சேலை கட்டிக்கொண்டு, கதவைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு லாட்ஜுக்குப் போனேன். ஜெபசிங் சார் நிமிராமலே, "என்ன சொல்லுக?" என்றார். "நிக்கேன் சார்" என்றேன். அதற்குத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு ஒருநாள் இலக்கியாவின் நம்பரை லாட்ஜில் கேட்டு வாங்கிப் போன் செய்தேன். வாளியை அனுப்பவா என்று கேட்பதற்காக என்று சொல்லிக்கொண்டேன். அவள் இப்போது பெரம்பலூரிலேயே ஒரு ஜவுளிக்கடையில் இருக்கிறாள், குரல் மென்மையாக இருந்தது. வாளியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். நானும் ஃபைலோடு படியில் இறங்கி நின்றதைச் சொன்னேன், சிரித்தாள். "ரோஸிலி அக்கா இன்னும் என் கதையைச் சொல்றாங்களா?" என்று கேட்டாள். சொல்கிறார் என்றேன். "சொல்லட்டும், பாவம்" என்றாள். அப்புறம்தான் சாவியைப் பற்றிக் கேட்டேன். கடையில் யாரோ துணியை உதறும் சத்தம் கேட்டது. வெள்ளம் என்றால் அந்த ஊரில் தண்ணீர் என்பது, போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே தனக்குத் தெரியும் என்றாள்.